பாபின் தீர்ந்தால் எழுந்திரு

எங்கள் தையல் கூடத்தில் யாரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. சட்டையில் எதைத் தைக்கிறார்களோ அதுதான் பெயர். காலர் தைப்பவர் காலர் அக்கா. பை தைக்கும் பெண் பாக்கெட். பொத்தானுக்குத் துளை போடுபவர் காஜா. "காலருக்குத் தலைவலி, பாக்கெட் இன்னைக்கு லீவு" என்று நாங்கள் பேசிக்கொள்வதை வெளியாள் யாராவது கேட்டால், சட்டைக்குத்தான் உடம்பு சரியில்லை என்று நினைப்பார். நான் தையல் மெஷின்களைப் பழுது பார்க்கிறவன். முகத்துக்கு நேரே என்னை மெக்கானிக் அண்ணா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வேறொரு பெயர் உண்டு. அது என் தொப்பையைப் பற்றியது, இங்கே எழுதுவதாக இல்லை.

நான் சொல்ல வந்தது கை அக்காவைப் பற்றி. சட்டைக்குக் கை வைத்துத் தைத்தவர். என்னைவிட வயதில் சின்னவர்தான், ஆனாலும் நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சிலரை வேறு மாதிரி கூப்பிட வாய் வராது.

கை வைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. தோள்பட்டையின் வளைவும் கையின் வளைவும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. இழுக்காமல், சுருக்காமல், ஊசி ஓடும்போதே விரலால் சமாதானம் பண்ணி அனுப்ப வேண்டும். அதற்காகக் குனிந்தவர், குனிந்தபடியே பல வருஷம் உட்கார்ந்துவிட்டார். ஒருநாள் வேலை முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகும் அவர் மட்டும் நாற்காலியில் இருந்தார். கேட்டதற்கு, "எழுந்திருக்க முடியல அண்ணா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கண்ணில் தண்ணீர் நின்றது. அப்போதும் சிரிப்புதான். நாங்கள் நான்கு பேர் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினோம்.

டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். முதுகெலும்பு தேய்ந்திருக்கிறது, இனி நாள் முழுக்க உட்காரும் வேலை ஆகாது, மீறினால் படுக்கைதான் என்று. அக்காவின் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். மகள் நர்ஸ் படிப்பில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். இவர் சம்பளம் நின்றால் படிப்பும் நிற்கும். நல்ல வேளையாக எங்கள் லைனின் பழைய சூப்பர்வைசர் அந்த நேரத்தில் வேறு இடத்துக்குப் போனார். மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டு அந்த வேலையைக் கொடுத்தார். நாள் முழுக்க நின்றும் நடந்தும் பார்க்கிற வேலை. கூடத்தில் அவர் உடம்பு தாங்கக்கூடிய வேலை அது ஒன்றுதான்.

சூப்பர்வைசர் என்றால் கத்த வேண்டும் என்று எங்கள் ஊரில் ஒரு நினைப்பு இருந்தது. இவர் கத்தவில்லை. இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டு மெதுவாக வரிசைக்குப் பின்னால் நடப்பார். மற்ற சூப்பர்வைசர்கள் தைத்த துணியைப் பார்ப்பார்கள். இவர் தைப்பவர்களின் முதுகைப் பார்ப்பார். கூன் விழுந்திருந்தால் லேசாகத் தட்டுவார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. முதுகைத் தட்டினால் சட்டை வந்துவிடுமா என்று கிண்டல்கூடச் செய்தேன்.

உடற்பயிற்சி என்ற சொல் எங்கள் கூடத்துக்குப் புதிது என்று சொல்ல முடியாது. வருஷத்தில் ஒரு தடவை அது வரும், விருந்தாளி மாதிரி. கம்பெனி ஒரு வாரத்தை ஆரோக்கிய வாரம் என்று அறிவிக்கும். இறுக்கமான பனியன் போட்ட ஒரு தம்பி ஒலிபெருக்கியோடு வந்து, எல்லாரையும் நிற்க வைத்து, குதிக்கச் சொல்வான். காஜா குதித்தால் பாக்கெட் சிரிப்பாள். பாக்கெட் குதித்தால் கூடமே சிரிக்கும். என்னை ஒரு தடவை முன்வரிசைக்கு இழுத்தார்கள். என் தொப்பை நான் குதித்து முடித்த பிறகும் தன்பாட்டுக்குக் குதித்துக்கொண்டிருந்தது என்று இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்தத் தம்பி போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவான். சுவரில் ஒரு போஸ்டர் மட்டும் மிஞ்சும். அதில் ஒரு பெண் மலை உச்சியில் கைகளை விரித்து நிற்பாள். அவளுக்குக் கீழே எங்கள் பெண்கள் அசையாமல் உட்கார்ந்து தைப்பார்கள்.

அந்தப் போஸ்டருக்கு நேர் கீழேதான் காலர் அக்கா விழுந்தார்.

மதிய இடைவேளை மணி அடித்ததும் எழுந்தவர், ஒரு அடி வைத்தார், கால் மடங்கிவிட்டது. பிடிமானம் தேடிய கை பட்டு, அடுக்கி வைத்த காலர்கள் அத்தனையும் மேலே கொட்டின. ஓடிப்போய்ப் பார்த்தால் இரண்டு காலும் வீங்கி, செருப்பு வார் தோலுக்குள் பதிந்திருக்கிறது. அவரும் கை அக்காவும் பக்கத்துப் பக்கத்து மெஷினில் சேர்ந்து தைத்தவர்கள், ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். அக்கா கீழே உட்கார முடியாத இடுப்போடு கீழே உட்கார்ந்து அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"எப்பவிருந்து இப்படி?"

"ரொம்ப நாளா. சாயங்காலம் வீங்கும், காலையில சரியாயிடும்."

"எழுந்து கொஞ்சம் நடக்கக் கூடாதா?"

"மெஷினை விட்டுட்டு எப்படிக்கா நடக்கறது? அடுத்தவ கை வெறுமனே நிக்குமே."

லைன் என்பது அப்படித்தான். ஒருவர் தைத்ததை அடுத்தவர் வாங்கித் தைக்க வேண்டும். ஒருவர் எழுந்துபோனால் பின்னால் வரிசையே காய்ந்து கிடக்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தால் மேனேஜருக்கு மூச்சு நின்றுவிடும். அக்கா சில நாள் வரிசைக்குப் பின்னால் நடந்துகொண்டே இருந்தார். முதுகுகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு இப்போது மெஷின்களைப் பார்த்தார். அது எனக்குக் கொஞ்சம் கலக்கமாகவே இருந்தது, மெஷின் என் ராஜ்யம்.

தையல் மெஷினில் மேல்நூல் ஒன்று, அடிநூல் ஒன்று. அடிநூல் பாபின் என்ற சின்ன உருளையில் சுற்றியிருக்கும். அது தீர்ந்ததும் தையல் நிற்கும். புது பாபினை மாட்டிவிட்டுத் தொடர வேண்டும். ஒவ்வொருவருக்கும் அது ஒவ்வொரு நேரத்தில் தீரும், ஏனென்றால் காலருக்கு ஒரு நீளம் நூல், கைக்கு ஒரு நீளம். அக்கா பிடித்தது இதைத்தான். எப்படியும் நிற்கிற மெஷின். அப்போது எழுந்தால் என்ன? பாபின் தீர்ந்தால் எழுந்திரு. கூடத்தின் கடைசி ஜன்னல் வரை நட, கம்பியைத் தொடு, திரும்பி வா. ஒருவர் போகும்போது மற்றவர்கள் தைத்துக்கொண்டிருப்பார்கள். அவரவர் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டு முன்கூட்டியே சேர்த்து வைத்தால் அடுத்தவர் கையும் காயாது. ஒலிபெருக்கி வேண்டாம், பனியன் தம்பி வேண்டாம். இவ்வளவு எளிமையான ஒன்று இத்தனை வருஷம் மெஷினுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்த எனக்குத் தோன்றவில்லையே என்று முதலில் எரிச்சல்தான் வந்தது.

மேனேஜரிடம் அவர் இதைச் சொன்னபோது நான் அந்த அறையில்தான் இருந்தேன். மேனேஜரின் சுழல் நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று கூப்பிட்டிருந்தார்கள். நான் அதைக் கவிழ்த்துப் போட்டுத் தரையில் படுத்திருந்தேன். நாற்காலி இல்லாததால் மேனேஜரும் அன்றைக்கு நின்றுகொண்டிருந்தார். அதனால்தானோ என்னவோ, பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல யோசனைதாம்மா. ஆனா டார்கெட் குறைஞ்சா மேல இருக்கறவங்களுக்கு யார் பதில் சொல்றது?"

"குறையாது சார்."

"குறைஞ்சா?"

அக்கா கொஞ்சமும் தயங்கவில்லை. "ஒரு மாசம் விட்டுப் பாருங்க. பக்கத்து லைனைவிட நம்ம லைன்ல சட்டை குறைஞ்சா, நான் இந்த வேலையை விட்டுட்டுப் பழையபடி மெஷின்லயே உக்காந்துடறேன்."

நாற்காலிக்கடியில் என் கையிலிருந்த ஸ்பேனர் நழுவி மூக்கில் விழுந்தது. மேனேஜர் யோசித்தார். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சொன்ன சொல்லைக் கடைசி எழுத்துவரை நிறைவேற்றுகிறவர். அப்படிப்பட்டவர்களிடம் எதையும் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். "சரி. நீங்களா சொன்னது" என்றார்.

வெளியே வந்ததும் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா? டாக்டர் என்ன சொன்னார்? மகள் படிப்பு என்ன ஆகும்?"

"அவர் வேற எதுக்கும் ஒத்துக்கிட்டிருக்க மாட்டார் அண்ணா."

"மத்தவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியக் கூடாது. தெரிஞ்சா பயந்துக்கிட்டு நடப்பாங்க. பயந்து நடந்தா அது நடையா?" பிறகு என் மூக்கைப் பார்த்தார். "ரத்தம் வருது, துடைச்சுக்குங்க."

ஆரம்பத்தில் பெண்களுக்கு வெட்கம். பாபின் தீரும், அக்கா பின்னாலிருந்து "எழுந்திரு" என்பார், எழுந்து ஜன்னலுக்குப் போவதற்குள் ஏதோ மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நடப்பது மாதிரி நெளிவார்கள். எழுந்திரு, எழுந்திரு என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி அவர் பெயரே எழுந்திரு அக்கா ஆகிவிட்டது. காலர் அக்கா முதலில் மெஷின் விளிம்புகளைப் பிடித்துப் பிடித்துத்தான் போனார். பிறகு பிடிக்காமல் போனார். பிறகு ஒருநாள் தன் செருப்பைக் கழற்றி எனக்குக் காட்டினார். "பாருங்கண்ணா, வார் பதியல." கல்யாண நகையைக் காட்டுகிற மாதிரி காலைக் காட்டினார். ஜன்னல் கம்பி ஒன்று மட்டும் கை பட்டுப் பட்டுத் துரு போய்ப் பளபளத்தது. சட்டைகளின் எண்ணிக்கை பக்கத்து லைனுக்குச் சமமாகவே வந்தது. நானும் மனசுக்குள் மூச்சு விட ஆரம்பித்தேன்.

அப்போதுதான் குறைய ஆரம்பித்தது.

முதலில் கொஞ்சம். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். அக்கா வரிசைக்குப் பின்னால் நடக்கிறார், எல்லாரும் தைக்கிறார்கள், யாரும் லீவு இல்லை, யாரும் சோம்பேறித்தனம் பண்ணவில்லை. முகமெல்லாம் தெளிவாகவேறு இருக்கிறது. ஆனால் சட்டை குறைகிறது. மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். மெஷின்களைச் சோதித்துப் பார் என்று என்னை அனுப்பினார்.

பாக்கெட்டின் மெஷினில் தொடங்கினேன். ஊசி சரி, துணியை நகர்த்தும் பல் சரி, பெல்ட் சரி. பாபினை வெளியே எடுத்தேன். அப்போதுதான் சுற்றி முடிந்த பாபின். பாதிதான் நிறைந்திருந்தது. பாபின் சுற்றுவதற்கு ஒவ்வொரு மெஷின் ஓரத்திலும் ஒரு சின்ன அமைப்பு உண்டு. எவ்வளவு நூல் சுற்றியதும் தானாக நிற்க வேண்டும் என்பதை அதிலுள்ள ஒரு திருகு முடிவு செய்யும். அந்தத் திருகை யாரோ கத்தரி நுனியால் திருப்பியிருந்தார்கள். அடுத்த மெஷினைப் பார்த்தேன். அதுவும் பாதி. அதற்கடுத்ததும் பாதி. காலர், காஜா, கைப்பட்டி, ஒன்று விடாமல் அத்தனையும் பாதி.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு மெக்கானிக்கின் திருகைத் தொடுவது அவன் சட்டைப் பையில் கையை விடுவதற்குச் சமம். "எவ செஞ்ச வேலை இது?" என்று கத்தினேன். அக்கா அப்போது மேனேஜர் அறையில் இருந்தார்.

பாக்கெட் எழுந்து நின்றாள். முகத்தில் குற்ற உணர்ச்சி மருந்துக்கும் இல்லை. "நான்தாண்ணா முதல்ல திருப்பினேன். பாதி பாபின்னா சீக்கிரம் தீருது, ரெண்டு தடவை நடக்கலாம். எனக்கு இப்பல்லாம் தலைவலியே வர்றதில்ல தெரியுமா?"

"எனக்கு ராத்திரி கால் குடைச்சல் இல்ல" என்றார் காஜா.

"ஜன்னல் வழியா ஒரு மரம் தெரியுதுண்ணா. இத்தனை வருஷம் அது இருக்கறதே தெரியாது" என்றாள் கைப்பட்டி.

குதிக்கச் சொன்னால் சிரித்த அதே பெண்கள். நடப்பதற்குத் திருட்டுத்தனம் பண்ணியிருக்கிறார்கள். உலகத்தில் எந்த ஆரோக்கிய வாரமாவது இப்படி ஒரு திருட்டைக் கண்டிருக்குமா? வேறு நேரமாயிருந்தால் நானே கைதட்டியிருப்பேன். ஆனால் பாபினை மாட்டும் நேரம் இரண்டு மடங்கு, நடக்கும் நேரம் இரண்டு மடங்கு, சட்டை எங்கிருந்து வரும்? கோபத்தில் வாயை விட்டுவிட்டேன்.

"நீங்க நடந்து நடந்து அந்தம்மாவை உக்கார வெச்சுடுவீங்கடி! சட்டை குறைஞ்சா அவங்க மறுபடியும் மெஷின்ல உக்காரணும்னு பேச்சு. அந்த இடுப்பை வெச்சுக்கிட்டு!"

எங்கள் லைனில் ஒரு மெஷின்கூட ஓடவில்லை. பாக்கெட் மெதுவாக உட்கார்ந்தாள். நான் ஒவ்வொரு திருகையும் பழையபடி முழு பாபினுக்குத் திருப்பி வைத்தேன். காலர் அக்காவின் மெஷினுக்கு வந்தபோது அவர் என் முகத்தைப் பார்க்காமல், "இன்னும் எத்தனை நாள் இருக்குண்ணா?" என்று மட்டும் கேட்டார். ஒரு வாரம் இருந்தது.

மறுநாள் காலையிலிருந்து யாரும் எழுந்திருக்கவில்லை.

பாபின் தீரும். குனிந்த தலை நிமிராமல் அடுத்ததை மாட்டுவார்கள். தைப்பார்கள். தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை. முதுகுகள் பழையபடி வளைந்தன. குறைந்ததை ஈடுகட்டிவிட வேண்டும், அக்காவைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஒரே வெறி. சட்டைகள் மலையாகக் குவிந்தன. சொன்னால் வெட்கக்கேடு, எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

அக்கா வரிசையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தார். "எழுந்திரு" என்றார். யாரும் எழவில்லை. "காலர், பாபின் தீர்ந்துச்சு இல்ல? எழுந்திரு."

"அப்புறம் நடக்கறேன்க்கா."

"பாக்கெட்?"

"இந்தக் கட்டை முடிச்சுட்டுக்கா."

அவருக்குப் புரிந்துவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தார். நான் என் ஸ்க்ரூடிரைவரில் ஏதோ எழுதியிருப்பது போல அதைப் படித்துக்கொண்டிருந்தேன். அவர் நேராகச் சுவரோரம் போனார். எங்கள் லைனுக்கு மொத்தமாக மின்சாரம் வரும் சுவிட்ச் அங்கேதான் இருக்கிறது. அதைக் கீழே இழுத்தார். ஓடிக்கொண்டிருந்த ஊசிகள் எல்லாம் துணிக்குள்ளேயே நின்றன. பக்கத்து லைன் சத்தம் மட்டும் கேட்டது. மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்துவிட்டார்.

அக்கா கத்தாதவர் என்றேன். அன்று கத்தினார்.

"நான் உங்க காலுக்காகப் பேசினேன். என் வேலைக்காக உங்களை நடக்கச் சொன்னேனா? என் வேலைக்காக நீங்க உக்காந்து சாகறதா இருந்தா எனக்கு அந்த வேலை வேண்டாம். நாற்காலியோட தூக்கிட்டுப் போனாங்களே என்னை, அது உங்களுக்கு மறந்துபோச்சா? எனக்கு மறக்கல. எழுந்திருங்க எல்லாரும்."

முதலில் எழுந்தது காலர் அக்கா. அழுதுகொண்டே ஜன்னலை நோக்கி நடந்தார். பின்னாலேயே பாக்கெட், கைப்பட்டி, காஜா. வரிசை முழுக்க எழுந்து நடந்தது. மேனேஜர் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். என்ன நினைத்தேனோ தெரியாது, நானும் நடந்தேன். போய்க் கம்பியைத் தொட்டேன். மரம் இருக்கத்தான் செய்தது.

அந்த வாரம் மிச்சமிருந்த நாட்களில் முழு பாபினும் ஓடியது, நடையும் நடந்தது. ஒவ்வொரு நாளும் பக்கத்து லைனைத் தொட்டோம், ஒரு நாள் தாண்டக்கூடச் செய்தோம். ஆனால் பாதி பாபின் தின்ற சட்டைகள் திரும்பி வரவில்லை. மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தபோது எங்கள் லைன் கொஞ்சம் குறைவு. பெரிதாக இல்லை, ஒரு கட்டு. கண்டுகொள்ளாமல் விட்டிருக்கலாம். மேனேஜர் விடவில்லை.

நான் நேராக அவர் அறைக்குள் போய்ச் சண்டை போட்டேன். அவர் முகமும் நன்றாக இல்லை. "நடையை நிறுத்த மாட்டேன். எல்லா லைனுக்கும் கொண்டுவரப் போறேன். ஆனா பேசின பேச்சு இருக்கே" என்றார். அந்த நாற்காலியைச் சரிசெய்து கொடுத்ததற்காக அன்று நான் பட்ட வருத்தம் கொஞ்சநஞ்சமல்ல.

அக்கா சண்டை போடவில்லை. அடுத்த சூப்பர்வைசராக யாரைப் போடலாம் என்று மேனேஜர் கேட்டபோது, ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளாமல், "காலரைப் போடுங்க சார். அவளுக்குக் கால் வீங்கும், நடக்கற வேலைதான் நல்லது" என்றார். தன் இடுப்பைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. இப்படி ஒரு மனுஷியை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. இதை வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை வந்து பெல்ட்டை இறுக்கிக்கொண்டு தன் பழைய மெஷினில் உட்கார்ந்தார். கை வைக்கத் தொடங்கினார். விரல்கள் எதையும் மறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பாபின் தீர்ந்தது. புது சூப்பர்வைசரான காலர் அக்கா பின்னாலிருந்து, "எழுந்திருக்கா" என்றார். அக்கா எழுந்து ஜன்னலுக்குப் போய் வந்தார். மறுபடி தைத்தார். மறுபடி சீக்கிரமே தீர்ந்தது. மூன்றாவது தடவை எழுந்தபோது சந்தேகம் வந்துவிட்டது. பாபினைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"அண்ணா, என் மெஷின்ல பாபின் பாதிதான் சுத்துது."

"அப்படியா?"

"திருகைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். தேஞ்சு போச்சு, நிக்க மாட்டேங்குது. புதுசு வரணும்."

"இப்படி நடந்துக்கிட்டே இருந்தா என் கணக்கு குறையுமே. சூப்பர்வைசர் என்னைக் கேக்க மாட்டாளா?"

நான் சூப்பர்வைசரைப் பார்த்தேன். காலர் அக்கா சட்டென்று முகத்தைத் திருப்பி, போஸ்டரில் மலை உச்சியில் நிற்கிற பெண்ணை உன்னிப்பாகப் பார்க்க ஆரம்பித்தார். கை வைக்க வேண்டிய சட்டை உடல்களில் ஒரு பகுதியைக் காஜாவும் பாக்கெட்டும் தாங்களே தைத்துக் கொடுக்கக் காலையிலேயே தங்கள் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டது அக்காவுக்கு இன்னும் தெரியாது.

"புதுசு எப்ப வரும்?"

"சொல்ல முடியாதுக்கா. உதிரி பாகம் கிடைக்கறது கஷ்டம். அதுவரைக்கும் நீங்க எழுந்து நடங்க."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்கு நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனபோது கண்ணில் தண்ணீரோடு சிரித்தாரே, அதே சிரிப்பு. திரும்பி ஜன்னல் பக்கம் நடந்தார், இடுப்பு நிமிர்ந்து.

இது நடந்து வருஷங்கள் ஆகின்றன. அவர் மகள் நர்ஸாகி வேலைக்கும் போய்விட்டாள். அக்கா இன்னும் கை வைத்துக்கொண்டிருக்கிறார், நாற்காலியிலிருந்து தானாகவே எழுந்திருக்கிறார். அந்தத் திருகு இன்னும் வரவில்லை என்றுதான் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது என் கருவிப் பெட்டியின் அடித்தட்டில், பிரிக்காத காகிதத்தில் இருக்கிறது.